மைனர் கீல பாட்டு கட்டுறவங்களுக்கு: எந்த கார்டு எதுக்கு, எல்லாம் நி-ய வச்சுத்தான்

யாங்கூன்ல கிட்டார் சத்தம் கேக்காத தெருவே கிடையாது, சாயங்காலம் ஆனா பிளாட்பாரத்துல ஸ்டூல போட்டு உக்காந்து நாலு பேர் பாடுவாங்க, நம்ம தமிழ்ப் பசங்களும் அதுல இருப்பாங்க. ஆனா கை பழகினது பூரா அடுத்தவங்க பாட்டுல. வெளிநாட்டு மெட்டுக்கு பர்மிய வரி போட்டுப் பாடுற காப்பி தச்சின் இங்க எத்தனை வருஷமா ஓடுது, அதுல வளந்த பசங்களுக்கு ஏ மைனருக்கு அப்புறம் எஃப், அப்புறம் சி, அப்புறம் ஜின்னு கார்டு (chord, சில சுரத்த சேத்து ஒண்ணா அடிக்கறது) வரிசை மனப்பாடமா வரும், ஏன் அந்த வரிசைன்னு கேட்டா முழிப்பாங்க. சொந்தமா ஒரு பாட்டு, அதுவும் மைனர்ல கட்டலாம்னு உக்காந்தா அங்கதான் சிக்கும். பாட்டு நகரும், ஆனா எங்கயும் போய் நிக்காது. ஒரு பாட்டுப் புத்தகத்துல ஏ மைனர் பாட்டுக்கு ஈ மைனர்னு போட்டிருக்கும், இன்னொண்ணுல ஈ மேஜர்னு இருக்கும், எது சரின்னு குழப்பம் வேற.

ரெண்டும் சரிதான். எது எப்ப சரிங்கறதுதான் விஷயமே.

யாங்கூன்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, கீபோர்டு பாதிப் பாட்டுல ஊமையாயிரும், அதனால நான் எல்லாத்தையும் கிட்டார்ல வச்சே சொல்றேன், கீபோர்டுக்காரங்க அதே சுரத்த கட்டையில பாத்துக்கங்க. கீ ஏ மைனர்னு வச்சுக்குவோம், நம்ம பாட்டுக்காரங்க கணக்குல 6 கட்டை.

முதல்ல கார்டோட வேலைன்னா என்னன்னு பாக்கணும். ஒரு பாட்டுல ஏ மைனர்தான் வீடு. மத்த கார்டு எல்லாம் ரெண்டு கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, வீட்ட விட்டு எவ்ளோ தூரம் வந்துட்டோம், திரும்பிப் போகணும்ங்கற தவிப்பு எவ்ளோ இருக்கு. டி மைனர் வெளிய கூட்டிட்டுப் போகும், ஆனா அவசரப்படுத்தாது. ஈ மேஜர் பிடிச்சு வீட்டுக்குத் தள்ளும். இத காதால புரிஞ்சுக்கணும், பேப்பர்ல எழுதி வச்சு புண்ணியமில்ல. கிட்டார் கைல இருந்தா இப்பவே ஈ மேஜர அடிச்சு அப்படியே நிறுத்துங்க, அடுத்தத அடிக்காதீங்க. மனசுக்குள்ள ஏ மைனர் தானா கேக்கும். அதேத ஈ மைனர வச்சு செஞ்சு பாருங்க, அது சும்மா உக்காந்திருக்கும், அடுத்து நீங்க எங்க போனாலும் அதுக்குக் கவலை இல்ல.

ஏன் இந்த வித்தியாசம்? கைய பாருங்க. ஈ மைனருக்கும் ஈ மேஜருக்கும் ஒரே ஒரு விரல்தான் வித்தியாசம், ஆள்காட்டி விரல் மூணாவது ஸ்ட்ரிங்ல முதல் ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல முதல் கட்டம்) உக்காந்தா மேஜர், எடுத்துட்டா மைனர். மூணாவது ஸ்ட்ரிங்க வெறுமனே மீட்டினா ஜி. முதல் ஃப்ரெட்ல ஜி ஷார்ப். ரெண்டாவது ஃப்ரெட்ல ஏ, அதாவது நம்ம வீட்டு சுரம், ஸ. ஈ மேஜர்ல இருந்து ஏ மைனருக்கு மாறுறப்ப அந்த ஸ்ட்ரிங்ல சத்தம் முதல் ஃப்ரெட்ல இருந்து ரெண்டாவது ஃப்ரெட்டுக்கு அரை சுரம் ஏறுது. பக்கத்துலயே ரெண்டாவது ஸ்ட்ரிங்ல சும்மா இருந்த பி முதல் ஃப்ரெட்டுக்கு ஏறி சி ஆகுது, அதுவும் அரை சுரம்தான். ஒரே நேரத்துல ரெண்டு ஸ்ட்ரிங்கும் அரை அரை சுரமா மேல போய் உக்காருது, நாலாவது ஸ்ட்ரிங்ல ஈ அப்படியே அசையாம நிக்குது. அந்த ரெண்டு ஸ்ட்ரிங்க மட்டும் தனியா மீட்டி மாத்தி மாத்திக் கேளுங்க, வீடு வந்து சேர்ற சத்தம் அதுதான். ஈ மைனர்ல இருந்து வந்தா பி மட்டும்தான் அரை சுரம் ஏறும், ஜி ஒரு முழு சுரம் தாண்டி வரணும். அவ்ளோ தூரத்துல இருந்து இழுப்பு வராது.

ஸ-வுக்கு ஒட்டி அரை சுரம் கீழ இருக்கற நி-தான் ஸ-வ பிடிச்சு இழுக்கும். மேஜர்ல அந்த சுரம் ஸ்கேல்லயே இருக்கு, கேக்காமயே கிடைக்குது. மைனர்ல கிடையாது, நாமதான் உள்ள கொண்டுவரணும். மைனர்ல வர்ற எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த ஒரு இடம்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

நம்மள்ல கொஞ்சமாவது பாட்டு கத்துக்கிட்டவங்களுக்கு இத ராகத்துல வச்சு சொன்னா இன்னும் சீக்கிரம் பிடிபடும். மைனர்னா என்ன, சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், இது வரைக்கும் மாறாது. மேல இருக்கற தைவதமும் நிஷாதமும்தான் ஆடும். சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் (ஏ மைனர்ல எஃப், ஜி) போட்டா நடபைரவி, 72 மேளகர்த்தால 20வது. தைவதத்த அப்படியே விட்டுட்டு நிஷாதத்த மட்டும் காகலி (ஜி ஷார்ப்) ஆக்கினா கீரவாணி, 21. தைவதத்த ஏத்தி நிஷாதத்த பழையபடி இறக்கினா கரஹரப்ரியா, 22. ரெண்டையும் ஏத்தினா கௌரிமனோகரி, 23. அடுத்தடுத்து நாலு மேளம்! வெள்ளைக்காரங்க நேச்சுரல் மைனர், ஹார்மோனிக் மைனர், டோரியன், மெலோடிக் மைனர்னு பேர் வச்சிருக்கறதும் இதே நாலதான், மெலோடிக் மட்டும் ஏறுறப்ப கௌரிமனோகரியா இருந்துட்டு இறங்குறப்ப நடபைரவியாயிரும். ராகம் பாடுறவங்க கீரவாணி பாடுறப்ப நடபைரவியோட நி-ய தொட்டா அது தப்பு. ஆனா கார்டு வச்சு மைனர் கீல பாட்டு கட்டுறப்ப இந்த நாலும் ஒரே பாட்டுக்குள்ள வந்து போகலாம், வந்து போறதுதான் வழக்கமே. இத முதல்லயே சொல்லிக் குடுக்காததாலதான் பசங்க ஒரு ஸ்கேல பிடிச்சுக்கிட்டு அதுல இல்லாத கார்ட பாத்தா பயப்படுறாங்க.

சரி, ஏ மைனர்ல ஸ்கேல்லயே கிடைக்கற கார்டு என்னென்ன, ஏ மைனர், பி டிமினிஷ்ட், சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி. இந்த ஏழ எங்கயோ பாத்த மாதிரி இருக்கா, சி மேஜர்ல வர்ற அதே ஏழுதான், ஒண்ணு கூட வேற இல்ல. இதுலதான் பெரிய ஆபத்து இருக்கு. நீங்க ஏ மைனர வீடுன்னு நினைச்சுக்கிட்டு வாசிப்பீங்க, கேக்கறவன் காது சி-ய வீடுன்னு எடுத்துக்கும். முக்கியமா ஜி கார்டு இந்த வேலைய பண்ணும். ஜி-ல பி இருக்கு, அது அரை சுரம் ஏறி சி-க்குப் போகத் துடிக்கும், அதனால ஜி வந்தாலே பாட்டு சி பக்கம் சாயும். ஏ மைனர், எஃப், சி, ஜின்னு சுத்துற வரிசை அவ்ளோ பிரபலமா இருக்கறதுக்குக் காரணமும் இதுதான், சோகமா சந்தோஷமான்னு தெரியாம நடுவுல மிதக்கும். அது வேணும்னா அதப் போடுங்க, தப்பே இல்ல. ஆனா வீட்டுக்கு வந்தேன்னு ஒரு இடத்துலயாவது பாட்டு சொல்லணும்னா அங்க ஈ மேஜர் வந்தாகணும், இல்ல ஈ செவன் (ஈ மேஜரோட டி-யும் சேந்தது). இதுல நான் கறாரா இருப்பேன்.

ஜி-ய ஒதுக்கச் சொல்லல. ஜி-க்குன்னு ஒரு நல்ல வேலை இருக்கு, இறங்குற வேலை. ஏ மைனர், ஜி, எஃப், ஈ மேஜர்னு படிப்படியா இறங்கிப் பாருங்க, ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிட்டார்ல காலங்காலமா ஓடுற வரிசை இது, உலகம் பூரா இதுல பாட்டு இருக்கு. இறங்குறப்ப ஜி, கடைசில ஈ-க்குள்ள போய் ஏ-வுக்கு ஏறுறப்ப ஜி ஷார்ப். இறங்கறதுக்கு கைசிகி நி, ஏறறதுக்கு காகலி நி. இந்த ஒண்ண ஞாபகம் வச்சுக்கிட்டா முக்கால்வாசி சந்தேகம் தீந்துரும்.

எஃப்ப பத்தி கொஞ்சம் சொல்லணும், எனக்கு ரொம்ப பிடிச்ச கார்டு அது. எஃப்ல ஏ, சி ரெண்டு சுரமும் இருக்கு, ஏ மைனர்லயும் அதே ரெண்டும் இருக்கு, அதனால எஃப் ஏ மைனருக்கு பக்கத்து வாசல் மாதிரி இருக்கும், வெளிய வந்ததே தெரியாது. இன்னொரு பக்கம் எஃப்ல இருந்து ஈ-க்குப் போனா எல்லா சுரமும் ஒண்ணா அரை சுரம் இறங்கும், பார் பிடிச்சு (ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கி) எஃப் அடிக்கறவங்க கை அப்படியே ஒரு ஃப்ரெட் கீழ வழுக்கி வந்து பார் விரல எடுத்துட்டா ஈ, வடிவம் கூட மாறாது. எஃப், ஈ, ஏ மைனர்னு மூணையும் வரிசையா அடிச்சு மூணாவது ஸ்ட்ரிங்க மட்டும் கவனிங்க, ஏ ஒரு ஃப்ரெட் கீழ இறங்கி ஜி ஷார்ப் ஆகி திரும்ப ஏ-வுக்கே ஏறும். சின்ன அசைவுதான், ஆனா நெஞ்சுல போய் குத்தும்.

டி மைனர்ல சிக்கலே இல்ல. அதுல ஜியும் கிடையாது ஜி ஷார்ப்பும் கிடையாது, எந்தப் பக்கமும் சேராது, வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு அதவிட நல்ல கார்டு இல்ல. டி மைனர், ஈ, ஏ மைனர் மூணையும் வச்சே ஒரு முழுப் பாட்டு கட்டிரலாம். பி டிமினிஷ்டும் டி மைனர் செய்யற வேலையத்தான் செய்யும், தனியா அடிச்சா ஒல்லியா கேக்கும், அதோட ஏ-வையும் சேத்து அஞ்சாவது ஸ்ட்ரிங்ல இருந்து 2, 3, 2, 3ன்னு பிடிச்சா நல்லா இருக்கும், அப்புறம் ஈ செவனுக்குப் போங்க. சி-ய பத்தி ஏற்கனவே சொல்லிட்டேன், கோரஸ்ல வெளிச்சம் வேணும்னா அங்க போய் கொஞ்ச நேரம் தங்கலாம், திரும்பி வர்றதுக்கு ஈ இருக்கு.

இப்ப ஒரு பாட்ட பிரிச்சுப் பாப்போம். நம்ம தங்கச்சி ஒருத்தி கட்டின பாட்டு, பன்சோடான் ஜெட்டில இருந்து ஆத்தத் தாண்டி தலாங்கற ஊர் பக்கம் வேலைக்குப் போன அக்காவுக்காகக் காத்திருக்கற பாட்டு. முதல் வரி இப்படி இருக்கும்:

அக்கரைக்குப் போன அக்கா
இன்னும் வரலையே

"அக்கரைக்குப்" ஏ மைனர், "போன அக்கா" எஃப், "இன்னும் வர" சி, "லையே" ஜி. மெட்டு நல்ல மெட்டு, கடைசி "யே" ஜி சுரத்துல நிக்குது, அடுத்த வரி ஏ-ல ஆரம்பிக்குது. அவளுக்கு என்ன குறைன்னா பாட்டு முழுக்க ஒரே மாதிரி மிதக்குது, கடைசி வரி முடிஞ்சாலும் முடிஞ்ச மாதிரி இல்ல. கடைசி ஜி-ய மட்டும் ஈ மேஜரா மாத்தி பாடச் சொன்னேன். கார்டு சரியா இருக்கு, ஆனா பாடினா காது கூசுது. ஏன்னா அவ வாயில ஜி, கிட்டார்ல ஜி ஷார்ப், அரை சுரம் தள்ளி ரெண்டும் ஒரே நேரத்துல உரசுது. கார்ட மாத்தினா மெட்டையும் பாக்கணும், இத நிறைய பேர் விட்டுட்டு ஈ மேஜர் ஒத்து வரலன்னு திரும்ப ஜி-க்கே போயிடறாங்க. "யே"-ய ஈ-ல நிறுத்தலாம், பி-ல நிறுத்தலாம், இல்ல ஜி ஷார்ப்புக்கே ஏத்தலாம். தங்கச்சி ஜி ஷார்ப்புக்கு ஏத்தினா, அடுத்த வரி ஏ-ல ஆரம்பிக்கறதால "யே" தானா போய் அங்க விழுந்துச்சு, கேட்டுக்கிட்டு இருந்த எல்லாரும் நிமிந்து பாத்தாங்க.

அதுக்கப்புறம் நாங்க யோசிச்சது எல்லா சரணத்துலயும் ஈ வேணுமான்னு. வேணாம்னுதான் என் கருத்து. முதல் சரணத்துல அக்கா வந்துருவாங்கற நம்பிக்கை இருக்கு, அங்க ஜி-யே இருக்கட்டும், மிதக்கட்டும். ரெண்டாவது சரணத்துல பொழுது சாஞ்சிருச்சு, கடைசி படகும் வந்துருச்சு, அங்க ஈ வரட்டும், தவிப்பு தெரியட்டும். கடைசி சரணத்துல இன்னொரு வித்தை இருக்கு, ஈ அடிச்சதும் எல்லாரும் ஏ மைனர எதிர்பாப்பாங்க, அங்க எஃப்ப அடிக்கறது. பாடுறவ ஏ சுரத்துல வந்து நிப்பா, ஏ மைனருக்கும் அது பொருந்தும் எஃப்புக்கும் பொருந்தும், மேல மெட்டு வீட்டுக்கு வந்துருச்சு, கீழ கார்டு இன்னும் வரல. அக்காவும்தான் வரல. அப்புறம் டி மைனர், ஈ, கடைசியா ஏ மைனர். மெட்டுல மாறினது ஒரே ஒரு சுரம்தான், கார்டுதான் கதையே சொல்லுது. இதுக்காகத்தான் பசங்க கார்டோட வேலைய புரிஞ்சுக்கணும்னு நான் விடாம சொல்லிக்கிட்டு இருக்கேன், மனப்பாட வரிசையில இந்த முடிவு எடுக்க முடியாது.

மெட்டு போடுறப்ப இன்னொரு இடத்துல கவனம் வேணும். எஃப்ல இருந்து ஜி ஷார்ப்புக்கு மூணு அரை சுரம் தூரம், ஒரே தாவலா பாடினா கீரவாணி வாசனை தூக்கலா வரும், கோயில் பஜனைல வளந்த நம்ம காதுக்கு அது இனிப்புத்தான். அந்த வாசனை வேணாம், வழவழன்னு ஏறணும்னா எஃப்ப எஃப் ஷார்ப் ஆக்கிட்டு ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏன்னு போங்க, அது கௌரிமனோகரி. ஆனா அந்த நேரத்துல கீழ எஃப் கார்டோ டி மைனரோ அடிக்காதீங்க, ரெண்டுலயும் எஃப் இருக்கு, உரசிரும், ஈ-ய அடிங்க. எஃப் ஷார்ப் வந்தா டி மேஜரும் கிடைக்கும், ஏ மைனருக்கும் டி மேஜருக்கும் நடுவுல மாத்தி மாத்தி ஆடினா கரஹரப்ரியா நிறம் வரும், இழுப்பு இருக்காது, ஆனா ஒரு மிடுக்கு இருக்கும், தாளத்த நம்பி ஓடுற பாட்டுக்கு நல்லா பொருந்தும்.

நாதஸ்வரத்துக்கு கார்டு தேவையே இல்ல, ஒத்து ஒண்ணு போதும், ராகமே எல்லாத்தையும் சொல்லிரும்னு பெரியவங்க சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா பர்மாக்காரங்க பியானோவ சந்தயான்னு கூப்பிட்டு தங்களோட பாட்டு முறைக்கே வளைச்சுக்கிட்ட மாதிரி நாமளும் கிட்டார வளைச்சுக்கலாம், கீரவாணி மெட்டுக்குக் கீழ ஈ மேஜர் வர்றப்ப ராகம் கெடல, காகலி நி-க்கு ஒரு துணை கிடைக்குது, அவ்ளோதான்.

இதெல்லாம் கைக்கு வந்தவங்களுக்கு மேல ரெண்டு மூணு வழி இருக்கு. டி மைனருக்கு முன்னாடி ஏ செவன் போடுங்க, அதுல இருக்கற சி ஷார்ப் அரை சுரம் ஏறி டி-க்குப் போகும், அதே இழுப்புதான், இந்த முறை வேற வாசலுக்கு. ஈ-க்கு முன்னாடி பி ஃப்ளாட் மேஜர் போட்டா இருட்டா ஒரு கனம் வரும், பாட்டுக்கு ஒரு தடவைக்கு மேல போடாதீங்க. பாட்ட ஏ மைனர்ல முடிக்காம ஏ மேஜர்ல முடிக்கறது ஐரோப்பாவுல 16ம் நூற்றாண்டுலயே சர்ச் பாட்டுகள்ல இருந்த பழக்கம், இங்க க்வயர்ல பாடுறவங்க காதுல கண்டிப்பா விழுந்திருக்கும், சோகமா வந்துக்கிட்டு இருந்த பாட்டு கடைசி கார்டுல மட்டும் விடியும்.

6 கட்டை எல்லாருக்கும் தொண்டைக்கு ஒத்துக்காது. கேப்போ (கழுத்துல எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கற கிளிப்) போட்டா இதே கைப்பிடியோட மேல ஏத்திக்கலாம். கேப்போ இல்லாமயோ கீழ வேணும்னோ ஈ மைனர்ல பாடுறவங்களுக்கு வீட்டுக்கு இழுக்கற கார்டு பி செவன், அதுல நாலாவது ஸ்ட்ரிங்ல முதல் ஃப்ரெட்ல ஆள்காட்டி விரல் உக்காந்திருக்கு பாருங்க, அதுதான் டி ஷார்ப், ஈ-யோட காகலி நி, ஈ மைனருக்குப் போறப்ப அந்த ஸ்ட்ரிங் ரெண்டாவது ஃப்ரெட்டுக்கு ஏறும். டி மைனர்ல பாடுறவங்களுக்கு ஏ செவன், அங்க ரெண்டாவது ஸ்ட்ரிங்ல ரெண்டாவது ஃப்ரெட்ல சி ஷார்ப் இருக்கு, டி மைனர் பிடிச்சதும் அது மூணாவது ஃப்ரெட்டுக்கு வந்துரும். வேற எந்த மைனர் கீ எடுத்தாலும் ஸ எந்த ஸ்ட்ரிங்ல இருக்குன்னு பாத்துட்டு அதுக்கு ஒரு ஃப்ரெட் கீழ விரல வச்சு, அந்த சுரம் எந்த கார்டுல வருதுன்னு தேடுங்க, அங்க இருந்து பாட்ட ஆரம்பிக்கலாம்.